கடல் லூருக்கு சிங்கிள் ஹூக்: தேர்வு முதல் வாளிச் சோதனை வரை

கடையில் வாங்கும் லூர்கள், அதாவது மீன் போல நீந்தும் மின்னோ, குழிந்த வாயால் தண்ணீரைத் தெறிக்கும் பாப்பர், குச்சி வடிவ ஸ்டிக்பெய்ட் போன்ற செயற்கை இரைகள், பெரும்பாலும் ட்ரெபிள் ஹூக் என்ற மும்முனை முள்ளோடுதான் வருகின்றன. மூன்று நுனி இருந்தால் மீன் மாட்ட மூன்று வாய்ப்பு என்ற கணக்கு, மீன் வந்து அடிக்கும் நொடி வரை ஓரளவு சரி. கோளாறெல்லாம் அதற்குப் பிறகுதான். ட்ரெபிளில் ஒவ்வொரு முள்ளுக்கும் வாய் (நுனிக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி) குறுகல், கம்பியும் மெலிசு. நுனி தாடை ஓரத்துத் தோலில் கொஞ்சம்தான் இறங்கும். இரண்டு நுனி இரண்டு இடத்தில் பிடித்துவிட்டால், மீன் தலையை உதறும்போது ஒன்று மற்றொன்றை நெம்பிக் கழற்றும். அல்லது கம்பி விரிந்துவிடும். பாறை மீன் மாதிரி பலமானவை ட்ரெபிளை நசுக்கியே அனுப்பும்.

வாய் அகன்ற, கம்பி தடித்த ஒற்றை முள், அதாவது சிங்கிள், தாடை எலும்பைச் சுற்றிப் பிடிக்கும். ஒருமுறை இறங்கினால் எளிதில் வராது. மீனை விடுவிக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு துளை, ஒரே திருப்பில் வேலை முடிந்துவிடும். துள்ளும் மீனில் ஒரு நுனியும் உங்கள் உள்ளங்கையில் இன்னொரு நுனியுமாக மாட்டிக்கொள்ளும் பயமும் வெகுவாகக் குறையும்.

ஆனால் ட்ரெபிளைக் கழற்றிய இடத்தில் கையில் கிடைத்த சிங்கிளை மாட்டினால், லூர் படுத்துக்கொண்டு நீந்தும், மீனும் மாட்டாது. அப்படிச் செய்து பார்த்தவர்கள்தான் 'சிங்கிள் சரிவராது' என்று திரும்பிப் போகிறார்கள். காதின் அமைப்பு, வாய் அகலம், எடை மூன்றையும் அந்தந்த லூருக்குப் பொருத்தினால்தான் மாற்றம் பலன் தரும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு (0.1 கிராம் காட்டினாலே போதும், 0.01 காட்டினால் இன்னும் நல்லது), ஸ்பிளிட் ரிங் (முள்ளை லூரோடு இணைக்கும், சாவிக்கொத்து வளையம் போன்ற வளையம்) பிரிக்கும் குறடு, மில்லிமீட்டர் ஸ்கேல், ஒரு வாளி, கல்லுப்பு, கண்ணுக்குக் கண்ணாடி.

முதலில் காதைப் பாருங்கள்

ஊசிக்குக் காது போல முள்ளுக்கும் காது. இரை குத்தப் பயன்படும் சாதாரண ஜே வடிவ முள்ளை மேசைமேல் படுக்க வையுங்கள். மேலிருந்து பார்த்தால் காதின் துளை தெரியாது, வளையத்தின் விளிம்புதான் தெரியும். லூருக்கென்று வரும் இன்லைன் சிங்கிளைப் படுக்க வைத்தால் காதும் கூடவே படுத்திருக்கும், துளை உங்களைப் பார்க்கும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் தவறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மின்னோவின் வயிற்றில் இருக்கும் கம்பி வளையம் பொதுவாக உடலின் நீளவாக்கில் நிற்கும். அதில் ஸ்பிளிட் ரிங் மாட்டினால் ரிங் குறுக்கே திரும்பும். ரிங்கில் முள்ளை மாட்டினால் காது மறுபடி நீளவாக்குக்கு வரும். ஆகவே இன்லைன் முள் லூரின் நடுக்கோட்டில் நேராகத் தொங்கும். சாதாரண ஜே முள் பக்கவாட்டில் திரும்பி, ஒரு பக்கம் மட்டும் தண்ணீரைத் தள்ளும். லூர் அந்தப் பக்கமே சாயும். இன்லைன் முள்ளோடு இன்னொரு வளையத்தைச் சேர்த்தாலும் இதே கதைதான்: ஒரு வளையம் கூடினால் திசை 90 டிகிரி மாறும். சில லூர்களில் உடலிலுள்ள வளையமே குறுக்காக இருக்கும். வாங்கும் முன் மூக்குப் பக்கமிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அளவு: எண்ணை நம்பாமல் வாயை அளந்து பாருங்கள்

முள் எண் 6, 4, 2, 1 என்று குறையக் குறைய முள் பெரிதாகும். 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏற இன்னும் பெரிதாகும். இது எல்லா நிறுவனத்துக்கும் பொது. ஆனால் ஒரு நிறுவனத்தின் 2/0 இன்னொன்றின் 3/0 அளவுக்கு இருக்கலாம். அதனால் கீழே இருப்பது தொடக்கப் புள்ளி மட்டுமே:

ட்ரெபிள் 6 – சிங்கிள் 1
ட்ரெபிள் 4 – சிங்கிள் 1/0
ட்ரெபிள் 2 – சிங்கிள் 2/0
ட்ரெபிள் 1 – சிங்கிள் 3/0
ட்ரெபிள் 1/0 – சிங்கிள் 4/0
ட்ரெபிள் 2/0 – சிங்கிள் 5/0

இறுதி முடிவு வாய் அகலத்தில் இருக்கிறது. நுனிக்கும் தண்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒல்லியான மின்னோவுக்கு இந்த அகலம் லூரின் உடல் தடிமனுக்குக் குறையக் கூடாது. குண்டு பாப்பருக்கு அது முடியாது, உடல் தடிமனில் பாதிக்கு மேல் இருந்தால் சரி. வாய் இதைவிடக் குறுகினால் மீன் கடிக்கும்போது லூரின் உடலே நுனிக்குக் கேடயமாகிவிடும்.

பெரிதாகப் போவதற்கும் வரம்பு உண்டு. முன் முள்ளைப் பின்பக்கம் மடக்கிப் பிடியுங்கள், பின் முள்ளை முன்பக்கம் மடக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. முன் முள்ளை மூக்குப் பக்கம் திருப்பினால் லீடர் (நூலின் முனையில் சேர்க்கும் தடித்த தங்கூசி) கட்டும் வளையத்தை எட்டக் கூடாது. எட்டினால், வீசும்போது லூர் காற்றில் புரளும் நேரம் பார்த்து முள் லீடரைக் கவ்வும். அந்த வீச்சு வீண். பின் முள் முதுகுக்கு மேலே ஏறி உடலைக் கொத்துமா என்றும் சுழற்றிப் பாருங்கள்.

பழைய லூர் கையில் இருந்தால் அதன் வயிற்றுப் பெயிண்டைக் கவனியுங்கள். பிறை வடிவில் கீறல் விழுந்திருக்கும். ட்ரெபிள் இதுவரை எட்டிய தூரம் அதுதான். சிங்கிள் போட்டபின் புதுக்கீறல் எங்கே விழுகிறது என்பதிலிருந்து, தண்ணீருக்குள் முள் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம்.

எடை

ட்ரெபிளை ரிங்கோடு கழற்றித் தராசில் வையுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். வரப்போகும் சிங்கிளும் ரிங்கும் சேர்ந்து அதே எடைக்குப் பத்து சதவீதத்துக்குள் வர வேண்டும். மிதக்கும் ஸ்டிக்பெய்ட்டுக்கும், நின்ற இடத்தில் நிற்கும் சஸ்பெண்டிங் மின்னோவுக்கும் இதைவிட நெருக்கம் தேவை. மூழ்கும் லூர்களுக்கு அவ்வளவு கறார் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. வயிற்று முள் லூருக்கு அடிப்பாரம் மாதிரி. அது லேசானால் லூரின் ஆட்டம் அகலமாகும், ரீலை வேகமாகச் சுற்றினால் பக்கவாட்டில் படுத்துவிடும். வால் முள் கனத்தால் வால் தொங்கி ஆட்டம் மந்தமாகும். எடை சரியாக இருந்தாலும் இன்னொன்று உண்டு: மூன்று கொக்கி தண்ணீரில் இழுக்கும் இழுப்பை ஒரு கொக்கி இழுக்காது. ஆகவே வால் கொஞ்சம் கூடுதலாக ஆடும். பல மின்னோக்களுக்கு இது நல்லதாகவே முடிகிறது.

மூன்று ட்ரெபிள் தொங்கும் 12 சென்டிமீட்டர் மின்னோவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ரிங்கோடு 1.8 கிராம் என்றால் மொத்தம் 5.4. நடு வளையத்தைக் காலியாக விட்டு, முன்னும் பின்னும் 2.7 கிராம் வீதம் இரண்டு சிங்கிள் மாட்டினால் மொத்தம் சரியாகும். மூன்று சிங்கிள் மாட்டுவது வேண்டாத வேலை, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

எடை குறைந்தால் ஒரு அளவு பெரிய ரிங் போட்டுப் பாருங்கள். போதவில்லையா? சால்டர் ஈயக் கம்பியை முள்ளின் தண்டில் காதை ஒட்டி இரண்டு மூன்று சுற்று சுற்றி, மேலே சுருங்கும் பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கி ஏற்றுங்கள். வளைவுப் பக்கம் சுற்றினால் வாய் அடைபடும்.

கம்பித் தடிமன்

உறையில் 1எக்ஸ், 2எக்ஸ், 4எக்ஸ் என்று போட்டிருப்பது கம்பியின் பலம். அதிக எக்ஸ் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். தடித்த முள் இறங்க அதிக விசை வேண்டும். மெல்லிய தூண்டில் கழியில் 4எக்ஸ் முள்ளைப் போட்டால் நுனி தாடையில் ஏறவே ஏறாது. மீன் நாலு உதறு உதறிவிட்டுப் போய்விடும். மெலிந்த முள்ளை இறுக்கமான டிராக்கில் (மீன் இழுக்கும்போது ரீல் நூலை விடுவதற்கு வைக்கும் பிடிப்பு) போட்டால் விரிந்துவிடும்.

உங்கள் டிராக்கை வைத்து முடிவு செய்யுங்கள். டிராக் பொதுவாக நூலின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்) என்றால் பலம் ஏறக்குறைய 13.6 கிலோ, டிராக் 3.4 முதல் 4.5 கிலோ. கரையிலிருந்து மின்னோ வீசும் இந்த அளவுக்கு 1எக்ஸ் அல்லது 2எக்ஸ் போதும். அந்தமான், லட்சத்தீவுப் பக்கம் பெரிய பாறை மீனுக்குப் பாப்பர் வீசுபவர்கள் கனத்த பிரெய்டில், இதைப்போல இரண்டு மூன்று மடங்கு டிராக் வைக்கிறார்கள். அங்கே மெல்லிய கம்பிக்கு இடமே இல்லை.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடுங்கள். முள்ளின் காதைக் கனமான ஆணியில் மாட்டி, நுனிக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றை வைத்து மீன் எடை போடும் கொக்கித் தராசால் இழுங்கள். உங்கள் டிராக்கைவிட ஒன்றரை மடங்கு வரை போங்கள். முன்னும் பின்னும் வாயை அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து அப்படியே நின்றால் அந்த முள் உங்கள் டிராக்குக்கு ஆகாது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். சோதித்த முள்ளை மீனுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

ரிங்

ஸ்பிளிட் ரிங்கின் எண்ணும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உறையில் உள்ள பவுண்டு அளவைப் பாருங்கள், அது நூலின் பலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். முள்ளின் காது ரிங்கில் இரண்டு பக்கமும் தடையில்லாமல் சுழல வேண்டும். சிக்கிக்கொண்டால் மீன் முறுக்கும்போது ரிங் நெம்புகோலாகி வேலை செய்யும். ரிங் பெரிதானால் முள் முதுகுவரை ஏறும். நகத்தாலோ கத்தி முனையாலோ பிரிக்காதீர்கள், அளவுக்கு மேல் விரிந்த ரிங் பழைய நிலைக்குத் திரும்பாது. மாட்டியபின் இரண்டு முனையும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கொஞ்சம் தூக்கினாற்போல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நுனி எந்தப் பக்கம்?

வயிற்று முள்ளின் நுனி மூக்கைப் பார்க்க வேண்டும். நேராகத் தொங்கும்போது முன்னே பார்க்கும் நுனி, லூர் ஓடும்போது தண்டு பின்னே சாய்வதால் கீழே திரும்பும். வயிற்றை விட்டு விலகி, மீனின் வாய்க்குத் திறந்து நிற்கும். பின்னே பார்க்குமாறு மாட்டினால் ஓடும்போது நுனி வயிற்றில் ஒட்டிக்கொள்ளும்.

வால் முள்ளின் நுனி மேல்நோக்கி. பாறையிலும் கடற்புல்லிலும் மாட்டுவது குறையும். பாக் நீரிணைப் பக்கம் கடற்புல் படுகைகளின்மேல் வீசுபவர்களுக்கு இந்த ஒரு விஷயமே பாதி வேலையை மிச்சப்படுத்தும். ட்ரெபிள் அங்கே வீச்சுக்கு வீச்சு புல்லை அள்ளிக்கொண்டு வரும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதற்குள் எந்த முள்ளோடும் போகக் கூடாது.

வாளிச் சோதனை

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. பத்து லிட்டர் வாளியில் 350 கிராம் கல்லுப்பைக் கரையுங்கள். வெறும் குழாய்த் தண்ணீரில் பார்த்தால் லூர் கடலில் இருப்பதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும், கணக்குத் தப்பும்.

முதலில் பழைய ட்ரெபிளோடு லூரை விடுங்கள். ஆட்டம் அடங்கியபின் தண்ணீர் உடலில் எந்த இடத்தை வெட்டுகிறது என்று மார்க்கரால் மெல்லிய கோடு போடுங்கள். தலை தூக்கலா, வால் தொங்கலா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிங்கிளோடு விடுங்கள். கோடு ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை. பாப்பரின் வால் முன்பைவிட உயர்ந்தால் வால் பாரம் குறைந்துவிட்டது, வாய் தண்ணீரைக் கவ்வாமல் வழுக்கும். லீடரில் ஸ்னாப் (லூரை மாட்டும் கிளிப்) போடுபவர்கள் அதையும் மாட்டியே சோதியுங்கள்.

அடுத்தது ஓட்டம். துறைமுகச் சுவர் ஓரமோ முகத்துவாரமோ, தெளிந்த தண்ணீராக இருக்கட்டும். மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று மூன்று வேகத்தில் இழுத்துப் பாருங்கள். வேகத்தில் படுத்தால் வயிற்று முள்ளை ஒரு அளவு கனமாக்குங்கள். மெதுவாக இழுக்கும்போது ஆட்டமே இல்லையென்றால் வால் முள்ளைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு முள்ளை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

ஜிக்குக்கு வேறு கணக்கு

ஜிக் என்பது கனமான உலோக லூர். அதில் முள் நேராக உடலில் மாட்டப்படுவதில்லை. பலமான கயிற்றில் கட்டிய அசிஸ்ட் ஹூக் சாலிட் ரிங்கில் (பிளவில்லாத வளையம்) இருக்கும். லீடரை அந்த சாலிட் ரிங்கில் கட்டி, ஸ்பிளிட் ரிங்கால் ஜிக்கோடு இணைக்க வேண்டும். லீடரை ஸ்பிளிட் ரிங்கிலேயே கட்டினால் அதன் விளிம்பு தங்கூசியை அறுக்கும்.

இங்கே முள்ளின் வாய் ஜிக்கின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் ஜிக்கின் உடலைக் கச்சிதமாகக் கவ்வும் அளவில் இருக்கக் கூடாது. கவ்விக்கொண்டால் ஜிக் வெறும் இரும்புத் துண்டாகக் கீழே போகும். கயிற்றின் நீளம், முள்ளையும் சேர்த்து ஜிக்கின் பாதியைத் தாண்டாமல் இருக்கட்டும். வாலிலும் முள் போடுபவர்கள் முன் முள்ளும் பின் முள்ளும் நடுவில் சந்திக்காத அளவுக்குக் குறைக்க வேண்டும்.

எந்த மீனுக்கு எது

பாறை மீன் பெரும்பாலும் இரையின் தலைப்பக்கம் அடிக்கும், வயிற்று முள்தான் முக்கியம். கொடுவா வாயைத் திறந்து இரையை உறிஞ்சும், தாடை கெட்டி. நுனி கூர்மையில் சமரசம் கூடாது. பழவேற்காடு, முட்டுக்காடு மாதிரி முகத்துவாரங்களில் இதற்கு 2/0, 3/0 சிங்கிள் நன்றாகப் பொருந்தும். கடல் விரால், களவா இரண்டும் வாய் பெரிய மீன்கள், சிங்கிள் தாராளமாக இறங்கும்.

வஞ்சிரமும், சென்னைப் பக்கம் சீலா என்றும் தெற்கே ஊழி என்றும் சொல்லும் மீனும் வேறு ரகம். பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வெட்டிவிட்டுப் போகும். இவற்றில் சிங்கிள் போட்டால் அடி கிடைத்து மீன் மாட்டாத நேரங்கள் கூடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வால் முள்ளைத் தண்டு நீண்ட சிங்கிளாக மாற்றுவது முதல் வழி. அதுவும் போதாவிட்டால், உணவுக்காகப் பிடிப்பவர்கள் வாலில் ட்ரெபிளையும் வயிற்றில் சிங்கிளையும் கலந்து வைக்கலாம். 7 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டி லூர்களிலும் மாற்றம் அவ்வளவு பலன் தருவதில்லை. அவற்றின் ஆட்டம் எளிதில் கெடும்.

அடிக்கும் முறையும் மாற வேண்டும். தண்ணீர் தெறித்ததும் கழியை வெட்டி இழுக்கும் பழக்கம் சிங்கிளுக்கு ஆகாது. லூர் மீனின் வாயை விட்டு வெளியே வந்துவிடும். ரீலைச் சுற்றிக்கொண்டே இருங்கள், மீனின் கனம் கழியில் ஏறியதும் அழுத்தமாகப் பக்கவாட்டில் இழுங்கள். நூலைத் தளரவிடாதீர்கள்.

எதிர்முள், கூர்மை, துரு

விடுவிக்கும் மீன்களுக்கு எதிர்முள்ளை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் குட்டி முள்) நசுக்கிவிடுவது நல்லது. தட்டை மூக்குக் குறடை நுனியின் திசையிலேயே வைத்து, ஒரே அழுத்தாக இல்லாமல் மூன்று நான்கு மென்மையான அழுத்தாகக் கொடுங்கள். முறுக்கினால் நுனி உடையும். பருத்தித் துணியில் குத்தி எடுத்துப் பாருங்கள். நூல் இழை கூட வராமல் முள் வந்தால் சரி. கையில் முள் ஏறி எதிர்முள்ளும் உள்ளே போய்விட்டால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

நுனியை நகத்தின் மேல் சாய்த்து லேசாக இழுங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர். வழுக்கினால் மெல்லிய அரத்தால் நுனியிலிருந்து வளைவை நோக்கி நாலைந்து இழுப்பு. அதற்கும் கூர் ஏறாவிட்டால் முள்ளை மாற்றுங்கள். அரம் பட்ட இடத்தில் பூச்சு போய்விடும், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

உயர் கார்பன் எஃகு முள் கூர்மையாக வரும், கெட்டி, ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருவைத் தாங்கும், கூர்மையிலும் விறைப்பிலும் பெரும்பாலும் ஒரு படி கீழே. லூருக்குத் தகரப் பூச்சு போட்ட கார்பன் எஃகே சிறந்த தேர்வு. நூல் அறுந்து மீனோடு போய்விட்டாலும் அது காலப்போக்கில் அரித்துப் போகும். ஸ்டெயின்லெஸ் ரிங்கும் கார்பன் எஃகு முள்ளும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால், முள் தனியாக இருப்பதைவிட வேகமாக அரிக்கும், அதுவும் காதின் உட்புறத்தில். வெளியே பளபளவென்று இருக்கும் முள் காதில் பாதியாகத் தேய்ந்திருக்கலாம்.

அதனால் கரைக்கு வந்ததும் லூர்களை நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நிழலில் முழுக்கக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஈரமான ஒரு லூர் போதும், பெட்டியில் இருக்கும் மற்ற முட்களுக்கும் துரு ஏறிவிடும். மாதம் ஒருமுறை ரிங்கை நகர்த்தி, காதின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குழி விழுந்திருந்தால் அந்த முள்ளோடு கடலுக்குப் போகாதீர்கள்.